ஏற்கெனவே வந்துவிட்ட வசனம்

நான் தொலைக்காட்சியில் பல வருடம் நடித்தவன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் நடிப்பில் எந்த டைரக்டரும் ஒரு குறை சொன்னதில்லை. வசனத்தை மறந்ததில்லை, தாமதமாக வந்ததில்லை, சம்பளத்துக்குச் சண்டை போட்டதில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, சீரியலில் வந்தது என் போட்டோ மட்டும்தான். கதையில் வரும் குடும்பத்தின் செத்துப்போன பெரியவராக ஹால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த சீரியலை எழுதியவர் என் தங்கையின் கணவர். குடும்பத்தின் அப்பாவாக நடித்ததும் அவரே. சுவருக்கு ஒரு செத்த ஆள் தேவைப்பட்டபோது நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், உங்க முகத்துல ஒரு அமைதி இருக்கு. சாதாரணமா செத்தவங்களுக்குத்தான் அது வரும்."

"ஆபீஸ்ல முப்பது வருஷம் சும்மா உட்கார்ந்ததுல வந்தது மாப்பிள்ளை," என்று சொல்லி, நான் ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தைக் கொடுத்தேன்.

அதன் பிறகு தெருவில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் கதை நீளும். மளிகைக்கடைக்காரர் என்னைக் கண்டதும் சர்க்கரைப் பையைக் கீழே போட்டார். பென்ஷன் ஆபீசில் ஒரு பெண், நான் உயிரோடு இருக்கும் சான்றிதழோடு நேரில் போய் நின்ற பிறகும், "எதுக்கும் மேலதிகாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றாள். ஒரு நாள் சீரியலில் வேலைக்காரி என் போட்டோவைத் துணி வைத்துத் தட்டினாள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்குச் சாயங்காலம் வரை தும்மல் நிற்கவில்லை. டாக்டரிடம் போனால் தூசு ஒவ்வாமை என்கிறார். நான் என்னத்தைச் சொல்வது?

சரி, என் கதை போகட்டும். சொல்ல வந்தது மாப்பிள்ளையைப் பற்றி.

ஆரம்பத்தில் அவர் வெறும் நடிகர்தான். அதிலும் ஒரே வேஷம். போலீஸ் உடுப்பில் ஓடி வந்து, "சார், பாடி கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு மாதத்தில் வெவ்வேறு சேனல்களில் அவர் கண்டுபிடித்த பிணங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு சின்ன ஊரே காலியாகியிருக்கும். ஒரு நாள் ஷூட்டிங்குக்கு எழுத்தாளர் வரவில்லை. விளக்கெல்லாம் போட்டாயிற்று, நடிகைக்கு மேக்கப் போட்டாயிற்று, பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை ஒரு மூலைக்குப் போய் ஒரு சீன் எழுதிக்கொண்டு வந்தார். அதில் மனைவி கணவனிடம் சொல்கிறாள்: "நீங்க தினமும் வீட்டுக்கு வர்றீங்க. ஆனா வந்து சேர மாட்டேங்கறீங்க."

கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அன்றோடு மாப்பிள்ளைக்குப் பிணம் தேடும் வேலை போயிற்று. எழுத்தாளர் ஆனார்.

அடுத்த வாரம் என் தங்கை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அந்த சீனைப் பார்த்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். கத்தி நின்றுவிட்டது.

"அண்ணா, இது நான் சொன்னது," என்றாள்.

"நல்லா இருக்கே!"

"நல்லாத்தான் இருக்கு. நான் அதை இவர்கிட்ட சொன்னேன். ஊருக்குச் சொல்லலை."

மாப்பிள்ளைக்கு நடிக்க வரும், எழுத வரும். கற்பனை மட்டும் வராது. ஒரு பெண் எப்படி அழுவாள் என்று தானாக யோசிக்க அவரால் முடியாது. வீட்டில் யாராவது அழுதாக வேண்டும். நான் சுவரில் தொங்கிய சீரியலுக்கு அவர் எழுதும் பக்கங்கள் காலையில்தான் செட்டுக்குப் போகும், மத்தியானம் படமாகும். அடுப்பில் பால் பொங்கினால் மூன்றாம் நாள் அது டிவியிலும் பொங்கும். என் தங்கைக்குப் பல்வலி வந்தது, சீரியல் அம்மாவுக்கும் கன்னம் வீங்கியது.

தங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். வசனமாக ஆக முடியாதபடி பேச ஆரம்பித்தாள். "சாதம் ரெடி. குழம்பு ரெடி. கரெண்ட் பில் கட்டியாச்சு." ரயில்வே ஸ்டேஷனில் வண்டி வருவதை அறிவிக்கும் பெண்ணின் குரலில்கூட இதைவிடக் கொஞ்சம் பாசம் இருக்கும். மாப்பிள்ளை சளைப்பாரா? சீரியலில் அம்மா கதாபாத்திரம் திடீரென்று உணர்ச்சியில்லாமல் பேச ஆரம்பித்தாள். "சாதம் ரெடி," என்று அவள் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வீடு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ரேட்டிங் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. தங்கை அதற்கப்புறம் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாள். சீரியல் அம்மாவும் மௌனமானாள். அந்த நடிகை மட்டும் மனப்பாடம் செய்யும் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

அந்த வீட்டில் அவரிடம் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவருடைய மகள். அவளை நான் வாலு என்று கூப்பிடுவேன். பெயர் வேறு, அது இங்கே வேண்டாம். அவளுக்கு அப்பா என்றால் உயிர். "அம்மா, உனக்கு ரொம்பத்தான். அப்பா என்ன, திருடவா செய்யறார்?" என்று அவருக்காக வாதாடுவாள்.

அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். பையன் தங்கமானவன். ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் அவள் அப்பாவிடம் அழுதிருக்கிறாள். என்ன சொன்னாள் என்பது எனக்கு மட்டுமல்ல, டிவி இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

"ரொம்ப நல்லவர்ப்பா. பிஸ்கட்டைக்கூட ரெண்டா உடைச்சு, பெரிய பாதியைத்தான் எனக்குக் குடுக்கறார். ஆனா அவர் பக்கத்துல உட்கார்ந்தா பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரியே இருக்குப்பா. எப்ப பஸ் வரும், எப்ப கிளம்பலாம்னு. ஞாயித்துக்கிழமை நானே போய் அவர்கிட்ட சொல்லிடறேன். அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சு வெச்சிருக்கேன்."

மாப்பிள்ளை அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "நீயே சொல்லும்மா. அதுதான் சரி," என்றார். இதை அவர் மனதாரச் சொன்னார். பிறகு, நான் ஹாலில் இருந்து பார்க்க, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு கீழே இறங்கி வந்து எழுத உட்கார்ந்தார். அதையும் மனதாரத்தான் செய்தார்.

அவர் போட்ட கணக்குப்படி அந்த சீன் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் தாண்டி, பத்துப் பதினைந்து நாள் கழித்து வர வேண்டியது. ஆனால் வில்லியாக நடித்த அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து அவள் பகுதி நின்றுபோனது. கையில் வேறு சரக்கில்லாத டைரக்டர், மகள் அழும் காட்சியை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பையன் வீட்டில் எல்லோரும் நம்ம சம்பந்தி சீரியலாச்சே என்று வரிசையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவன் கையில் பிஸ்கட் இருந்தது என்று நான் சொன்னால், கிழவன் அளக்கிறான் என்பீர்கள். அவன் அம்மா போனில் அப்படித்தான் சொன்னாள். பாதியாக உடைத்த பிஸ்கட்டை அவன் டீப்பாய் மேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டானாம்.

வாலு கத்தவில்லை. "நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்கப்பா," என்றாள். "அதுவும் நான் சொல்ல நினைச்ச மாதிரி இல்லை." அவ்வளவுதான். வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த வேலையின் பொருத்தம் பின்னால்தான் உறைத்தது. ஆளின் உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்கலாம், வெளியே வாயைத் திறக்கக் கூடாது.

அந்த எபிசோடுக்கு அந்த வருடத்தின் சிறந்த வசனம் என்று விருது கொடுத்தார்கள். மாப்பிள்ளை மேடைக்குப் போனார், வாங்கிக்கொண்டார், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அடக்கமான மனிதர் என்று கைதட்டினார்கள்.

பிறகு வருடங்கள் போயின. வெளியில் அவருக்கு 'அப்பா' என்றே பெயராகிவிட்டது. பஸ் கண்டக்டர் அப்பா என்பார், பாங்க் மேனேஜர் அப்பா என்பார், அவரைவிடப் பத்து வயது மூத்த எதிர்வீட்டுக்காரர்கூட "வாங்கப்பா" என்பார். மகள் மட்டும் கூப்பிடவில்லை. அவள் அம்மாவுக்கு வாராவாரம் போன் செய்வாள். தங்கை போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை பேப்பர் படிப்பார். பேப்பரின் பக்கம் திரும்பாது.

கடைசியில் சீரியலை முடிக்கச் சொல்லி சேனல் சொல்லிவிட்டது. கிளைமாக்சில் அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சீன் வைக்கப்போவதாக மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் மெதுவாகச் சொன்னார். "அவ பார்ப்பா. புரிஞ்சுப்பா," என்றார்.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அதையும் டிவியிலதான் கேட்பீங்களா? பஸ் ஓடலையா?"

பல வருடங்களில் அவள் சொன்ன முதல் உருப்படியான வசனம் அது. மாப்பிள்ளை அதை எழுதவில்லை. அந்த சீனையும் எழுதவில்லை. கடைசி எபிசோடில் எல்லோரும் சும்மா சிரித்தார்கள், படம் உறைந்து நின்றது, சுவரில் நான் எப்போதும் போல. அதற்குள் இன்னொரு சேனல் அவரிடம் புதுக் கதை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

மகள் ஊருக்குப் போக முடிவு செய்து, "நீயும் வாயேன்," என்று தங்கையைக் கூப்பிட்டார்.

"நான் வந்தா அவ எனக்காகப் பேசுவா. நீங்க போங்க. அண்ணா, நீ துணைக்குப் போ. ஆனா வாயைத் திறக்காத."

"போட்டோவாவே வர்றேன்மா. பழக்கம்தானே?"

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "அப்பா நீங்களா! உங்க பொண்ணு மாடியில அழுவுமே, அன்னிக்கு நீங்க ஒரு பேச்சுப் பேசினீங்க பாருங்க... அதைக் கேட்டுட்டுத்தான் எங்க வீட்டுக்காரர் எங்க பொண்ணோட பேச ஆரம்பிச்சார். ரெண்டு வருஷமா முகம் குடுத்துப் பேசாத மனுஷன்!"

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் மாப்பிள்ளை.

"உங்க சொந்தப் பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து முகம் வெளுத்து, ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டாள். நான் புன்னகை செய்தது தப்பாகப் போயிற்று.

வாலு இருந்தது இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, ஜன்னலில் காயும் வெள்ளைக் கோட்டு. கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்து, "வாங்க மாமா," என்றாள். பிறகு கொஞ்சம் இடம் விட்டு, "உள்ள வாங்க," என்றாள். அது அவருக்கு.

இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். அவளும் நானும் கட்டிலில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அம்மாடி, ஒரு அப்பன் தோத்துப்போற இடம் ஒண்ணே ஒண்ணுதான். தன் பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாம நிக்கற இடம்."

வாலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஆஸ்பத்திரி சீன்ல வந்ததுப்பா," என்றாள். கோபமே இல்லை. கடையில் இந்த அளவு சட்டை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "பெரிய மகன் காலை எடுக்கணும்னு சொல்லும்போது."

அவருக்கு முகம் கறுத்தது. மறுபடி ஆரம்பித்தார்.

"நான் உன்கிட்ட வாங்கிட்டே இருந்தேன். எதையும் திருப்பிக் குடுக்கலை."

"இது அத்தை வீட்டை விட்டுப் போகும்போது."

"நீ... எல்லாம் பார்த்தியா?"

"ஒண்ணு விடாம. பாசத்துல இல்லப்பா. அடுத்து என்னோடது எது வரப்போகுதோன்னு பயம். பார்த்தாத்தானே மறுநாள் வேலைக்குப் போகும்போது என்ன முகத்தோட போகணும்னு தெரியும்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனிதர் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் தேடுகிறார், எல்லா அறையும் காலி. வீட்டில் இருந்த நல்ல சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிவிட்டார். அழ வேண்டிய மாதிரி எல்லாம் அழுது, அதற்குப் பின்னணி இசையும் போட்டாகிவிட்டது.

செட்டில் நடிகருக்கு வசனம் மறந்தால் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற உதவியாளர் அதைச் சின்னக் குரலில் எடுத்துக்கொடுப்பார். காதில் விழுந்ததை நடிகர் யோசிக்காமல் அப்படியே சொல்லிவிடுவார். அது அவர்களுக்குக் கை கால் அசைகிற மாதிரி ஆகிவிட்ட பழக்கம். மாப்பிள்ளை இப்போது அப்படித்தான் என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் தங்கையின் உத்தரவு எனக்கு மறந்துபோயிற்று. குனிந்து அவர் காதருகே சொன்னேன்:

"தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் மகளைப் பார்த்து, கண்ணீரோடு, நல்ல கனத்த குரலில் சொன்னார்: "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

வாலு சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளைகூட ஒரு கணம் சிரிக்கப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு, "டீ போடறேன்," என்று எழுந்து போனாள். சிரிப்பு நின்ற அறையில் அவர் கைகளை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கட் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஒரு நடிகர் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

நான் சமையலறைக்குப் போனேன்.

"ஏன் வாலு, அந்த மனுஷனை இப்படிக் காயப் போடறே? சொல்ல வரலை. மனசுல இருக்கு."

"தெரியும் மாமா." அவள் டீத்தூளைப் போட்டுவிட்டு அடுப்பைக் குறைத்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னாள். "அடுத்த மாசம் கல்யாணம் பண்ணிக்கறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. எங்க ஆஸ்பத்திரியில வேலை செய்யறவர்தான். அம்மாவுக்குத் தெரியும்."

எனக்கு வாயெல்லாம் பல். "அடிப்பாவி! இதை அவர்கிட்ட வந்து சொல்லேன். அவர் எழுந்து ஆடுவார்."

"வேண்டாம் மாமா. முடிஞ்ச பிறகு நானே போன் பண்ணி அப்பாகிட்ட சொல்லுவேன். இந்தத் தடவை நான்தான் சொல்லணும். முதல்ல என் வாயிலேருந்து வரணும்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வாயைப் பத்தி எனக்குத் தெரியும். என் மேல சத்தியமா?"

என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். இல்லாததையே பத்து நாள் சொல்கிற வாய், இருப்பதை எங்கே வைத்துக்கொள்ளும்? இருந்தாலும் சத்தியம் செய்தேன்.

டீ குடித்தோம். மாப்பிள்ளை தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்தார். வீட்டில் அவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது வாலு படி வரை வந்தாள். "பார்த்துப் போங்கப்பா," என்றாள். அவர் தலையாட்டினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வெயில் அவர் பக்கமாக அடித்தது. இடம் மாறச் சொன்னேன், மாறவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் கேட்டார்.

"சமையல் ரூம்ல அவ என்ன சொன்னா மச்சான்?"

"ஒண்ணுமில்லை. தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டேன். வருதுன்னா."

வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லிச் சம்பாதித்த பெயர் எனக்கு. அந்த ஒரு பொய்யை மட்டும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் காதோடு சொன்னது எப்படி இருக்கும், அதைக் கேட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று ஆயிரம் எபிசோடு எழுதிய ஆள். அந்த முகத்தில் முன்பு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தபோது இருந்த வெளிச்சம் மெல்ல ஏறுவதை நான் பார்த்தேன். பயந்துபோனேன்.

"நல்ல விஷயம்தானே?" என்றார்.

நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தேன். "நல்ல விஷயம்தான்."

"சொல்லும்போது அவ முகம்..." என்று ஆரம்பித்தவர், கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். நான் வாயே திறக்கவில்லை. "வேண்டாம் மச்சான். இதுக்கு மேல கேட்டா எழுதிடுவேன்."

அந்த வெளிச்சம் அணைந்தது. அவரேதான் அணைத்தார் என்று நினைக்கிறேன். சிரமமாகத்தான் இருந்திருக்கும். பிறகு கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். தூங்கவில்லை. வீடு வந்து சேரும் வரை நான் என் முகத்தை அவர் பக்கம் திருப்பவில்லை.